உயிர் மருந்துக்கு லாப வேலியா?

தறியில் விரல் கிழிந்தால் ரத்தம் வழிகிறது. சற்று நேரத்தில் உறைந்து நிற்கிறது. காயம் ஆறியதும் அந்த உறைகட்டியைக் கரைக்கும் புரதமும் நமது ரத்தத்திலேயே இருக்கிறது. பிளாஸ்மினோஜென் என்பது அதன் பெயர். தூண்டிவிட்டால் அது பிளாஸ்மினாக மாறி, கட்டியின் நார்களை அறுத்துவிடும். முதலாளி ரத்தம், தொழிலாளி ரத்தம் என்ற பேதம் அதற்கில்லை.

1970ல் டாய்ச், மெர்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுக்கச் சுலபமான முறை கண்டார்கள். லைசின் என்ற பொருளைச் சிறு மணிகளில் பிணைத்துக் குழாயில் நிரப்பினார்கள். ரத்தத்தின் தெளிநீரை அதில் ஊற்றினார்கள். மற்றவை வழிந்தோடின, காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டுவதுபோல பிளாஸ்மினோஜென் மட்டும் ஒட்டிக்கொண்டது. லைசினைப் போன்ற இன்னொரு பொருளை ஊற்றி அதைக் கழற்றி எடுத்தார்கள். இந்த முறை உலகமறியப் பிரசுரமாயிற்று.

இருதயக் குழாயைக் கட்டி அடைத்துவிட்டால் இந்தப் புரதத்தை உடனே தூண்ட வேண்டும். கிருமியிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதைச் செய்கிறது. 1986ல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். வலி கண்ட 1 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது!

பிளாஸ்மினோஜெனைத் தூண்டும் மற்றொரு புரதம் நமது ரத்தக் குழாய்களிலேயே சுரக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் சர்வகலாசாலையில் கோலன் குழுவினர் அதைத் தூய்மையாகப் பிரித்தனர். ஆனால் 1987ல் அமெரிக்காவில் ஜெனென்டெக் கம்பெனி அதை விற்றபோது ஒரு வேளை மருந்தின் விலை சுமார் 2,200 டாலர்! ஸ்ட்ரெப்டோகைனேஸின் விலையோ ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. 1990ல் வெளியான இத்தாலியப் பெரும் சோதனையில் இரண்டுக்குமிடையே சாவுக் கணக்கில் வித்தியாசமில்லை. 1993ல் வெளியான வேறொரு சோதனையில் விலையுயர்ந்த மருந்து 100 பேரில் ஒருவரைக் கூடுதலாகக் காத்தது. அந்த ஒருவரின் உயிரும் அருமைதான். ஆனால் மலிவு மருந்துகூடக் கிட்டாமல் மடியும் ஏழையின் உயிருக்கு யார் கணக்கு வைப்பது?

சண்டிகரின் பொதுத்துறை ஆராய்ச்சி நிலையம் ஸ்ட்ரெப்டோகைனேஸ் தயாரிக்கும் முறையை உருவாக்கிக் காட்டியது. நம்மால் முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ரத்தக்கசிவு ஆபத்து உள்ள மருந்து இது. டாக்டர் பார்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தாலுகா சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக டாக்டரும், இருதய வரைபடக் கருவியும், கட்டி கரைக்கும் மருந்தும் இருக்க வேண்டும்; மருந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும். பொதுத்துறையிலேயே அதைத் தயாரிக்க வேண்டும். இதை நாம் வற்புறுத்துகிறோம்.

நெஞ்சுவலி வந்தால் வாயுவென்று படுத்துவிடாதீர்கள், தோழர்களே! உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மருந்து இருக்கச் செய்வதற்குச் சங்கமாகத் திரண்டு போராடுங்கள்!