மீன் கடிக்கலைன்னா சும்மா வீட்டுக்குப் போங்க

நெல்லு, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டிருந்தவன் இன்னிக்குக் கொஞ்சம் சண்டை போட வந்திருக்கேன். ஞாயிற்றுக்கிழமை ஆனா ராடும் ரீலுமா எங்க ஏரிக்கரைக்கு வர்ற சென்னைத் தம்பிகளோடதான் சண்டை.

தூண்டில் போட வர்றது தப்பில்லை. கரையில் உட்காருங்க, டீ குடிங்க, எங்க ஊரைப் பாருங்க. என் கோபம் வேற.

போன கார்த்திகையில் ஏரி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மழை விட்டு மூணு நாள். தண்ணி ஒரே கலங்கல், மீன் எதையும் தொடலை. காலையிலிருந்து வீசிக் களைச்சுப்போன ஒரு தம்பி, கோரை ஓரமா செக்கச்செவேல்னு மேலே வந்து வந்து போற விரால் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தார். ரப்பர் தவளையை நேரா அதுக்கு நடுவுல போட்டார். நாலாவது வீச்சில் ஒன்றரைக் கிலோ விரால். படம் எடுத்துக்கிட்டே சொன்னார்: "அண்ணே, டஃப் கண்டிஷன்ல இதுதான் ட்ரிக்."

அது ட்ரிக் இல்லை தம்பி. அந்த விரால் பசிக்குக் கடிக்கலை. விரால் தாயும் தகப்பனும் குஞ்சுகளோடயே சுத்தும். கிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு விரட்டும். மத்த மீனெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்கிற நாளிலும் அது பாயும், ஏன்னா அதுக்கு வேற வழி கிடையாது. பிள்ளையைக் காட்டிப் பெத்தவங்களை வெளியே வரவைக்கிறதுக்குத் திறமைன்னு பேர் வைக்காதீங்க.

பன்னிரண்டு வயசில் நானும் இதைச் செஞ்சவன்தான். நரம்பில் நிஜத் தவளையைக் கோத்துப் போட்டு ஒரு விராலைத் தூக்கிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தா கைப்பிடி அளவு குஞ்சுதான் மிச்சம். அப்பா அடிக்கலை. அந்த மீனைக் குழம்பு வைக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டார். அடி வாங்கியிருந்தா மறந்திருப்பேன்.

"நான் பிடிச்சு விட்டுடுவேன் அண்ணே"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நீங்க முள்ளைக் கழட்டி, எடை போட்டு, மூணு கோணத்தில் படம் எடுக்கிற நேரத்தில் அங்கே குஞ்சுக்குக் காவல் குறைஞ்சுபோச்சு. அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிறவங்களுக்கு இது பழைய சண்டை. வசந்த காலத்தில் ஆண் பாஸ் ஆழமில்லாத இடத்தில் குழி பறிச்சு, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அதைத் தூக்கினதும் புளூகில் மாதிரி சின்ன மீன்கள் உள்ளே புகுந்து தின்னுடும். அதனால்தான் அங்கே வடக்கு மாநிலங்கள் சிலதில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கவே தடை, இல்லைன்னா பிடிச்ச உடனே விடணும். நீங்க வீடியோவில் அவங்க வீச்சைக் கத்துக்கிட்டீங்க, விதியை விட்டுட்டீங்க.

அந்த ஊர் ஆள் ஒருத்தர் எனக்குப் பிடிச்சவர். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜார்ஜ் பெர்ரி. எங்களை மாதிரி விவசாயி. 1932 ஜூன் 2, மழை ஈரத்தில் உழ முடியாத நாள். மீன் பிடிக்கப் போனார். 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் மாட்டியது. கிட்டத்தட்ட பத்து கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருத்தர் அதைச் சமன் செய்யும்வரை 77 வருசம் அந்தச் சாதனையை யாரும் எட்டலை. பெர்ரி வீட்டில் அந்த மீனைச் சமைச்சுச் சாப்பிட்டாங்க. பஞ்ச காலம், பசி. பசிக்குப் பிடிக்கிறவரைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் புகார் லைக்குக்குப் பிடிக்கிறவங்க மேலே.

கஷ்டமான நாளில் என்னதான் செய்யறது? எங்கப்பா சொல்லிக்கொடுத்தது இது. வெயில் நாளில் விடியும் முன்னாடி கரையில் இரு. விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆகணும், வட்டம் எழும் இடத்தைப் பார்த்து வை. அதுக்கு மேலேயே போடாதே, தாண்டிப் போட்டு மெதுவா இழுத்து வா. கலங்கல் தண்ணின்னா கரையோரம், கறுப்பு நிறம், இன்னும் மெதுவா. தவளையைக் கவ்வினதும் இழுக்காதே, மனசுக்குள் ரெண்டு எண்ணு. இவ்வளவும் செஞ்சும் கடிக்கலையா, எழுந்து வீட்டுக்குப் போ. வெறுங்கையோட திரும்பறதும் தூண்டிலில் சேர்த்திதான்.

ஏரி சலிச்சவங்க இப்போ உப்புத்தண்ணிக்குப் போறாங்க. முட்டுக்காடு, பழவேற்காடு, கொடுவா. நல்ல மீன். எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்தது கழியோர ஊர். மாமாதான் எனக்கு அந்தத் தண்ணியைக் காட்டினார். ஏத்தம் நின்னு வத்தம் தொடங்குற நேரம், பாலத்தூண் நிழல், உயிர் இறால் இல்லைன்னா மடவைக் குஞ்சு. செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், நரம்பை அறுத்துடும், முனையில் தடிச்ச நரம்பைக் கட்டு. வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணியில் கழுவு.

அங்கேயும் அதே வம்புதான். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வளரும், சில வருசம் கழிச்சுப் பெண்ணா மாறும். அப்போ நீங்க தோளில் போட்டுப் படம் எடுக்கிற ராட்சசக் கொடுவா அநேகமா ஒரு தாய், ஒரு தடவைக்குப் பல லட்சம் முட்டை விடுறவள். இதே மீனை ஆஸ்திரேலியாவில் பாராமுண்டின்னு சொல்றாங்க. குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சதையும் வச்சுக்கக் கூடாது, 120ஐத் தாண்டினதையும் வச்சுக்கக் கூடாது. சின்னதை விடுன்னு நம்ம ஊரிலும் சொல்வாங்க. பெரிசை விடுன்னு சொல்ல இங்கே யாரு இருக்கா?

"நீங்க மட்டும் சித்திரையில் வலை போட்டு மொத்த ஏரியையும் அள்ளலையா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வத்தப்போற குட்டையில் சாகப்போற மீனை அள்றது வேற, நிறைஞ்ச ஏரியில் குஞ்சோட நிக்கிறதைத் தூக்கறது வேற. ஆனா எங்க ஆளுங்க சிலர் கார்த்திகையிலும் குஞ்சுக்கு நடுவுல தவளை போடுறாங்க, மறைக்கலை. அவங்களோடயும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நேர்லயே போடுறேன், அதனால எழுதறதில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கடலை நம்பிப் பிழைக்கிறவங்க வருமானத்தை விட்டுட்டுக் கரையில் உட்கார்றாங்க. வாரத்தில் ஒரு நாள் பொழுதுபோக்குக்கு வர்ற நமக்கு ஒரு குஞ்சுக் கூட்டத்தைத் தாண்டி நாலடி நகர முடியாதா?

வர்ற மழைக்கு ஏரி நிரம்பும். வாங்க. செக்கச்செவேல்னு குஞ்சு மிதக்கிற பக்கம் மட்டும் போடாதீங்க. மத்த இடமெல்லாம் நானே காட்டறேன்.