அவிழவும் வேண்டும்!

முடிச்சைக் கண்டால் நாம் கேட்பது ஒன்றே: "தாங்குமா?" அது பாதிக் கேள்விதான். பாரம் இறங்கிய பின் அவிழுமா என்பது மறுபாதி.

முடிச்சைத் தாங்க வைப்பது உராய்வு. தூணில் சுற்றிய கயிற்றுக்கு உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்வோம். ஒரு முனையில் 1 கிலோ எடையளவு இழுத்துப் பிடித்தால், ஒரே சுற்றில் மறுமுனையில் ஏறத்தாழ ஆறரைக் கிலோவை நிறுத்தலாம். இரண்டு சுற்றில் 43 கிலோவை! முடிச்சிலோ கயிறே கயிற்றுக்குத் தூணாகிறது.

அந்தப் பிடி பிறகும் விடாவிட்டால்? கயிற்றை இரட்டையாக மடித்துச் சாதாரண முடிச்சிட்டால் வளையம் கிடைக்கும், பாரமும் தாங்கும். ஆனால் புரிகள் ஒன்றையொன்று நெரித்துக் கல்லாய் இறுகிவிடும். மாலுமிகளின் 'போலின்' முடிச்சு அப்படியன்று. அதன் வளையமும் சுருங்காது. ஆயினும் பாரம் இறங்கியதும், நீள்கயிற்றை அணைத்து நிற்கும் வளைவைக் கட்டைவிரலால் தள்ளினால் முடிச்சு நெகிழ்ந்துவிடும்.

என் தந்தை கிணறு தூர்வாரும் தொழிலாளி; பள்ளிக்குச் சென்றவரல்லர். "முடிச்சுன்னா பிடிக்கவும் தெரியணும், விடவும் தெரியணும்" என்பார். சேற்றுக் கூடையை மேலேற்றிய பின் ஈரமுடிச்சு அவிழாமல் கயிற்றை அறுத்தால், அன்றைய கூலியில் ஒரு பங்கு போயிற்று!

எளிதில் அவிழ்வது எளிதில் நழுவாதா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமே. வழுக்கும் நைலான் கயிற்றில், பாரமின்றி ஆடும் போலின் தானே தளரக்கூடும். ஆகவே மலையேறுவோர் பலர், அவிழ்ப்பது கடினமானாலும், எட்டு வடிவ முடிச்சையே இடுப்பில் கட்டுகின்றனர். உயிர் தொங்குமிடத்தில் நழுவாமை முதன்மை. நாளெல்லாம் கூடை ஏறி இறங்குமிடத்தில் அவிழ்தலும் வேண்டும். இடமறிந்து முடிச்சைத் தேர்வதே அறிவு.

இது கைத்தொழில், அறிவியலன்று என்று ஒதுக்குவது தவறு. 2020-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், இழுக்கும்போது நிறம் மாறும் இழைகளில் முடிச்சிட்டு, சில முடிச்சுகள் மற்றவற்றைவிட உறுதியாக நிற்பது ஏன் என்று ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

நாமோ சாய்தளத்தில் மரக்கட்டையை நகர்த்தியே உராய்வைப் படித்து முடிக்கிறோம். நம் ஆய்வகத்தில் தேங்காய்நார்க் கயிறும் நைலான் கயிறும் கொண்டு, இம்மூன்று முடிச்சுகளிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, அவிழ்க்க ஆகும் நேரத்தை அளந்தால் என்ன? கயிறும் எடைக்கற்களும் ஒரு கடிகாரமும் போதும். கிணற்றடியில் தலைமுறையாய்ப் பழகிய அறிவு நம் செய்முறைக் குறிப்பேட்டிலும் இடம்பெறும். பேராசிரியப் பெருமக்கள் கருதிப் பார்ப்பார்களாக!