எலியை ஆராய்வது வீண் வேலையா?

வீட்டில் எலியைக் கண்டால் பொறி வைப்பார்கள். ஆனால் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில், டேவிட் மாங்கல்ஸ்டார்ப் என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலியின் உடலில் இருந்து 39 வகைத் திசுக்களை எடுத்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். 2006-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

"எலிக்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான கேள்வி.

கல்லீரலில் உள்ள ஜீன்கள்தான் மூளையிலும் இருக்கின்றன. ஆனால் எல்லா ஜீன்களும் எல்லா இடத்திலும் வேலை செய்வது இல்லை. அவற்றை முடுக்கிவிடும் ஒரு கூட்டத்துக்கு "நியூக்ளியர் ஏற்பிகள்" என்று பெயர். (அணுகுண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! உயிரணுவின் உட்கருவையே இந்தப் பெயர் குறிக்கிறது.) ஹார்மோன் வந்ததும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். குறிப்பிட்ட ஜீன்கள் வேலையைத் தொடங்கும்.

எலிக்கு இப்படி 49 ஏற்பிகள். மனிதனுக்கு 48. எந்த ஏற்பியின் ஜீன் எந்த உறுப்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் டல்லாஸ் குழுவினர் அளந்தார்கள்.

இருதயம் தப்பியது

தைராய்டு ஹார்மோன் கல்லீரலில் கொழுப்பைக் கரைக்கும். அது அதிகமானால் இருதயம் படபடவென்று அடிக்கும். கொழுப்புக்கு மருந்து என்று அதைக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஹார்மோனுக்கு இரண்டு ஏற்பிகள் உண்டு. இருதயத்தில் அதிகம் இருப்பது ஆல்பா. கல்லீரலில் அதிகம் இருப்பது பீட்டா. பீட்டாவை முக்கியமாகத் தூண்டும் "ரெஸ்மெடிரோம்" என்ற மாத்திரைக்கு 2024 மார்ச் மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, வீங்கி, தழும்பு விழுந்தவர்களுக்கு அது மருந்து. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இப்படி ஒரு மருந்தைத் தேடி இருக்க முடியுமா?

அதற்காக எலி சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் மருந்து, மனிதனின் கல்லீரலில் "பி.எக்ஸ்.ஆர்." என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. உடனே கல்லீரல் மற்ற மருந்துகளையும் வேகமாக அழிக்கத் தொடங்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு அந்த மாத்திரை பலிக்காமல் போகலாம். எலியின் கல்லீரலிலும் அந்த ஏற்பி இருக்கிறது. ஆனால் ரிபாம்பிசினை அது சட்டை செய்வதே இல்லை! எலியை மட்டும் பார்த்தவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது.

விஞ்ஞானிகள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். மனிதனின் ஏற்பியையே எலிக்குள் வைத்து, புது வகை எலிகளை உருவாக்கினார்கள். 2000-ம் ஆண்டில் அந்தச் செய்தி வெளியாயிற்று. அந்த எலிகளின் கல்லீரல், ரிபாம்பிசினைக் கண்டதும் மனிதனின் கல்லீரலைப் போலவே வேலை செய்தது.