பன்னிரண்டு மணி உழைப்பு: சான்று எங்கே?

நெடுநாள் வழங்கிவரும் ஒரு முறையை மாற்ற வேண்டும் என்பவன் எவனோ, அவனே அம்மாற்றத்திற்குரிய கரணியத்தைக் காட்டக் கடமைப்பட்டவன். வழக்குமன்றத்திலும் இதுவே முறை. வீட்டிலும் இதுவே முறை. ஆனால், உழைப்பாளியின் வேலை நேரத்தை நீட்ட வேண்டும் என்னும் பேச்சு எழும்போது மட்டும் இம்முறை தலைகீழாய்ப் போய்விடுகிறது. நேரத்தைக் கேட்பவர் முதலாளி. கொடுக்க முடியாமைக்குச் சான்று காட்ட வேண்டியவனோ உழைப்பாளி! இக் கோணலைத்தான் ஈண்டுச் சற்று ஆராய விழைகின்றேன்.

2023 ஏப்பிரல் 21-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், தொழிலகச் சட்டத்தில் 65-அ என்னும் புதுப் பிரிவைச் சேர்க்கும் திருத்தம் குரல் வாக்கினால் நிறைவேற்றப்பட்டது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், 24-ஆம் நாள், அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாளில் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடி அன்றோடு நிறைந்தது நூறாண்டு.

திருத்தம் போயிற்று. அதனைத் தாங்கி நின்ற கரணியங்கள் போகவில்லை. கருநாடகம் அதே 2023-இல் நாளுக்குப் பன்னிரண்டு மணி வேலைக்கு வழி திறந்தது. குசராத்து 2025 சூலையில் அவசரச் சட்டத்தால் திறந்தது. நாளை இங்கும் அக் கதவு மீண்டும் தட்டப்படும். தட்டும்போது கேட்க வேண்டியவற்றை இன்றே எண்ணி வைப்பது நன்று.

தமிழாசிரியனுக்கு ஆலைக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். 1918 ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதில் முன்னின்ற திரு.வி.க. பள்ளியில் தமிழ் கற்பித்தவரே. அவர் காலத்தில் நெசவாலைக்குச் சட்டம் விதித்திருந்த எல்லை, 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாளுக்குப் பன்னிரண்டு மணி. அது 1922-இல் பதினொன்றாகி, 1934-இல் பத்தாகி, 1948-இல் ஒன்பதாயிற்று. நூறாண்டுக்கு முன் நாம் விட்டுவந்த படியில் மீண்டும் இறங்கி நிற்கச் சொல்கின்றனர். இறங்கச் சொல்பவர் எதைக் காட்டிச் சொல்கின்றனர்?

நம் முன்னோர் ஒன்றை உண்மையென அறியும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுத்தனர். கண்டறிந்தது காண்டல், கண்டதிலிருந்து உய்த்துணர்வது கருதல், அறிந்தவர் கூறக் கேட்டுக் கொள்வது உரை. இவற்றுள் உரை வலியதாக வேண்டுமெனின், சொல்பவர் அப்பொருளை அறிந்தவராகவும், அதனால் ஊதியம் பெறாதவராகவும் இருத்தல் வேண்டும். 2023 திருத்தத்தின் நோக்க உரை காட்டிய கரணியம் யாதெனின், தொழில் நிறுவனங்களும் அவற்றின் அமைப்புகளும் நெகிழ்வான வேலைநேரம் வேண்டுமெனக் கேட்டன, அதனால் உழைப்பாளர்க்கும், சிறப்பாகப் பெண்டிர்க்கும், பொருளியலுக்கும் நலம் விளையும் எனக் கூறின என்பதாகும். இஃது உரை. அதுவும் ஊதியம் பெறுவோர் உரை. வேண்டுகோள் எப்போதிலிருந்து சான்றாயிற்று? நெல் விலை குறைய வேண்டுமென அரிசி வணிகர் கேட்டார் என்பது, உழவனுக்கு அவ்விலை கட்டும் என்பதற்குச் சான்றாகுமா?

கிழமைக்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓயலாம் என்றும் கூறப்பட்டது. கேட்க இனிது. ஆயின் புதுப் பிரிவின் வாசகமோ, நாள்வேலை பற்றிய 54-ஆம் பிரிவோடு நில்லாமல், கிழமை மணியை வரையறுக்கும் 51, கிழமை விடுமுறை பற்றிய 52, இடை ஓய்வு பற்றிய 55, மிகைநேரக் கூலி பற்றிய 59 ஆகிய பிரிவுகளிலிருந்தும் விலக்களிக்க அரசுக்கு உரிமை தந்தது. 48 மணி மாறாதெனின் 51-க்கு விலக்கு எதற்கு? மூன்று நாள் ஓய்வெனின் 52-க்கு விலக்கு எதற்கு? மேடையில் சொன்னதும் ஏட்டில் எழுதியதும் வேறுபடின், ஏட்டைத்தான் நம்ப வேண்டும். நாளை வழக்குமன்றத்தில் படிக்கப்படுவது அதுவே.

இனி, 2023 அக்தோபரில் இன்போசிசு நிறுவனர் நாராயணமூர்த்தி கூறியதைக் காண்போம். இந்தியாவின் ஆக்கத்திறன் உலகில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. ஆகவே இளைஞர் கிழமைக்கு 70 மணி உழைக்க வேண்டும். போருக்குப் பின் செருமானியரும் சப்பானியரும் அவ்வாறே செய்தனர் என்றார். ஆக்கத்திறன் என்பதுதான் என்ன? விளைந்த பொருளை உழைத்த மணியால் வகுத்துக் கிடைக்கும் ஈவு. எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான்: வகுக்கும் எண் பெருகினால் ஈவு பெருகாது. ஒரு மணியில் நூறு செங்கல் அறுப்பவன் பத்து மணியில் ஆயிரம் அறுத்தாலும் அவன் ஆக்கத்திறன் நூறே. களைப்பால் கடைசி மணியில் அறுபது அறுத்தானாயின் அது குறையும். நோய் குறைந்த ஆக்கத்திறன். மருந்தோ அதனை மேலும் குறைக்கக் கூடியது! கருவியும் பயிற்சியும் மேலாண்மையும் சாலையும் மின்னாற்றலும் உயர்த்த வேண்டிய ஒன்றை மணிக்கூட்டின் முள்ளைத் தள்ளி உயர்த்த முடியாது.

செருமானிய எடுத்துக்காட்டாவது நிற்குமா? 1950 அளவில் மேற்குச் செருமனித் தொழிலகங்களில் நிரவலாக நடந்த வேலை கிழமைக்கு 48 மணியளவே. 1956-இல் அந்நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் நாற்பது மணி கேட்டுப் போராடத் தொடங்கின. அவர்களின் எழுச்சிக்கு 1948-இன் நாணயச் சீர்திருத்தம், அமெரிக்க உதவி, போருக்கு முன்பே கைவந்த தொழிற்பயிற்சி எனக் கரணியங்கள் பலவுண்டு. இன்று செருமானிய உழைப்பாளி ஆண்டுக்கு நிரவலாக 1,400 மணிக்கும் குறைவாகவே வேலை செய்கிறார். சப்பானோ 1947-இலேயே நாளுக்கு எட்டு, கிழமைக்கு 48 எனச் சட்டம் செய்தது. ஒரு மன்றத்தில் உவமை கூறுபவர் உவமையின் பொருளையேனும் சரிபார்த்திருக்க வேண்டாவா? தாம் 1994 வரை கிழமைக்கு 85 முதல் 90 மணி உழைத்ததாகவும் அவர் கூறியுள்ளார். ஐயுற வேண்டியதில்லை. ஆனால் தம் நிறுவனத்துக்கு உழைத்த உரிமையாளரின் மணியும், பிறர் நிறுவனத்தில் திங்கட்கூலிக்கு நிற்பவரின் மணியும் ஒரே மணியா?

2025 சனவரியில் மற்றொரு பெருநிறுவனத் தலைவர் 90 மணிக்கு ஏறினார். அவர் காட்டிய சான்று, தம்மிடம் ஒரு சீனர் சொன்னது! அச் சீன நாட்டின் உச்ச மன்றமோ, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கிழமைக்கு ஆறு நாள் வேலை வாங்குவது சட்டத்திற்கு மாறு என்று 2021 ஆகத்திலேயே கூறிவிட்டது. இவ்வகைச் சான்றைப் பற்றி மேலும் எழுதித் தாளை வீணாக்க வேண்டியதில்லை.

காண்டல் அளவை எங்கும் இல்லையா? உண்டு. முதல் உலகப்போரின்போது, 1915-இல், இங்கிலாந்து அரசு படைக்கலத் தொழிலாளர் நலம் பற்றி ஆய ஒரு குழு அமைத்தது. எத்தனை மணி வேலை, எத்தனை பொருள் என்று அக்குழுவினர் எண்ணி எழுதி வைத்தனர். நூறாண்டு கழித்து, இசுட்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் சான் பென்கவல் அவ்வேடுகளை மீண்டும் கணக்கிட்டு 2014-இல் முடிவை வெளியிட்டார். கிழமைக்கு ஏறத்தாழ 49 மணிவரை, மணி கூடக் கூட ஆக்கமும் அதே அளவில் கூடிற்று. அதன்பின் கூடும் அளவு தளர்ந்தது. 70 மணியில் செய்த பொருளுக்கும் 56 மணியில் செய்த பொருளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதினான்கு மணி, ஒருவர் வாழ்விலிருந்து கிழமைதோறும் எடுக்கப்பட்ட பதினான்கு மணி, ஏறத்தாழ ஒன்றும் விளைக்காமல் போயிற்று.

உடல்நலத்திற்கும் அளவீடு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கிழமைக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிடப் பக்கவாத இடர் 35 விழுக்காடும், நெஞ்சக்குழாய் நோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடும் மிகுதி.

நமக்குக் கைகொடுக்கும் சான்றையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நேர்மை. பென்கவல் கணக்கிட்டது கடைசல் பொறி முன் நின்றவர்களை, அவர்களுள்ளும் பெரும்பாலோர் பெண்கள்; அதைக் கொண்டு கணினி முன் அமர்ந்தவரைப் பற்றி முடிந்த முடிபாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. 2022-இல் பிரித்தானியாவில் 61 நிறுவனங்கள் கிழமைக்கு நான்கு நாள் வேலையை ஆறு திங்கள் முயன்று பார்த்தன. பெரும்பாலானவை அதைத் தொடர்ந்தன. நம் தோழர் சிலர் இதை வெற்றி முழக்கமாக்குகின்றனர். அவை தாமே விரும்பி வந்த நிறுவனங்கள். முறை மாறாத வேறு நிறுவனங்களை நிகராக நிறுத்தி ஒப்பிடவும் இல்லை. இனிக்கிறது என்பதற்காக அதை வலிய சான்று என நான் சொல்லமாட்டேன்.

ஒப்பீடில்லாச் சான்று எப்படி ஏமாற்றும் என்பதை நான் வகுப்பறையிலேயே கண்டேன். முன்பு நான் வேலை செய்த ஒரு பள்ளியில், அண்டைப் பள்ளி இரவு எட்டு மணிவரை வகுப்பு நடத்தி நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டிற்று என்று சொல்லி, எங்களையும் அவ்வாறே நடத்தச் சொன்னார்கள். ஓராண்டு நடத்தினோம். பிள்ளைகள் ஏழு மணிக்குமேல் பலகையைப் பார்த்தபடியே உறங்கினர்; தேர்ச்சி அசையவில்லை. அந்த அண்டைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பிலேயே மெலிந்த மாணவர்களுக்கு மாற்றுச் சான்று கொடுத்து அனுப்பிவிடும் என்பது பின்னரே தெரிந்தது. அவர்களுள் நால்வர் எங்களிடந்தான் வந்து சேர்ந்திருந்தனர்!

திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி பொங்கலுக்கு வந்திருந்தாள். மிகைநேரம் சேர்ந்து பன்னிரண்டு மணி நிற்கும் நாள்கள் அவளுக்கு உண்டு. அந்நாளில் பேருந்துக்கே மூன்று மணி போய்விடுகிறது என்றாள். “கடைசி இரண்டு மணி நேரம் கண்ணு பார்க்குது, மனசு பார்க்கல ஐயா. திரும்பி வர்ற பலகையெல்லாம் அப்பச் செஞ்சதுதான்” என்றாள்.

இதுவும் ஒருத்தியின் உரை, அவ்வளவே. எனவே, அதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். ஒவ்வொரு மணியிலும் எத்தனை பலகை தேறிற்று, எத்தனை தள்ளப்பட்டது என்று வரிசைத் தலைவி ஓர் ஏட்டில் எழுதுவாளாம். முறை முடிந்ததும் மேற்பார்வையாளர் கையொப்பமிட்டு எடுத்துச் செல்வாராம்.

ஆக, காண்டல் சான்று இலண்டனில் நூறாண்டுப் பழந்தாளில் மட்டும் இல்லை. இங்கேயே, மணிக்கு மணி எழுதப்பட்டு, நேரத்தை நீட்டக் கேட்கும் நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் மணி ஆக்கந்தரும் மணியாயின், அவ்வேடுகளை அரசின் முன் விரித்து வைப்பதைவிட எளிய வழி அவர்களுக்கு வேறில்லை. அடுத்த முறை வேண்டுகோளோடு வரும்போது, தொழிலாளர் துறை அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த ஏட்டைத்தான்.