நாலு பட்டன் போதும்

'பொம்மை ரயில்'னு சொன்னா அந்த ஆட்களுக்குக் கோபம் வரும், மாடல் ரயில். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியோட பழைய 6021 கண்ட்ரோல் யூனிட்ல 80 முகவரி. ஒவ்வொரு இன்ஜினுக்கும் லைட் போக f1 முதல் f4 வரை நாலே பட்டன். இன்றைய சவுண்ட் டிகோடர்லயோ விசில், மணி, ஸ்டேஷன் அறிவிப்பு, கரி அள்ளிப் போடுற சத்தம்னு இருபதுக்கு மேல இருக்கும். உடனே "பெட்டியை மாத்து" என்கிறார்கள். எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

ஏன்னா சத்தம் இருக்கிறது பெட்டியில இல்ல, இன்ஜினுக்குள்ள. பெட்டி தண்டவாளம் வழியா அனுப்புறது "12-ஆம் நம்பர், f2 ஆன்", அவ்வளவுதான். f2-ன்னா விசிலா மணியா என்பது டிகோடரோட முடிவு. அந்த மேப்பிங்கை மாத்திக்கலாம். மோட்டரோலா ஃபார்மேட் புரியுற டிகோடரா பார்த்து வாங்கணும், அது மட்டும் முக்கியம். இன்னும் பட்டன் வேணுமா? ஈஎஸ்யூ லோக்சவுண்ட் மாதிரி டிகோடர்ல அதே இன்ஜினுக்கு இரண்டாவது முகவரி கொடுக்கலாம். 13-ஐ அழுத்தினா இன்னும் நாலு பட்டன்! வேகம் கூடக் கூட நீராவிச் சத்தம் தானாவே வேகமாகும், அதுக்குப் பட்டனே தேவையில்ல.

கரி அள்ளுற சத்தத்தை தினமும் யார் அமுக்கப் போறாங்க? புதுப் பெட்டி வேணும்னா தாராளமா வாங்கட்டும். 'பழசுல சவுண்ட் வராது'ன்னு சொல்லி விக்காதீங்க.