அம்மை ஏழைக்கு, ஊசி பணக்காரனுக்கா?



ஆர்.கே.பேட்டை டீக்கடையில் ஒரு தறித் தொழிலாளி கேட்டார்: "குரங்கு அம்மைக்கு ஊசி இருக்கிறதாமே, நம்ம ஆஸ்பத்திரியில் போடுவாங்களா?" பக்கத்திலிருந்த மேஸ்திரி சிரித்தார்: "உனக்கெதுக்குப்பா அந்த ஊசி?"

இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஊசி இல்லை. ஏன் இல்லை?

இந்த நோய் நேற்று வந்ததல்ல. 1970ல் காங்கோ நாட்டில் ஒரு குழந்தையிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் ஆப்பிரிக்க ஏழைகள் அவதிப்பட்டார்கள். சீமான் நாடுகள் கண் திறக்கவில்லை. 2022ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. உடனே லண்டனிலும் நியூயார்க்கிலும் ஊசி போட்டார்கள்! காங்கோவுக்கு முதல் ஊசி மருந்து போய்ச் சேர்ந்தது எப்போது? 2024 செப்டம்பர் 5ல்! அதுவும் தானமாக!

விலை என்ன? ஐ.நா. குழந்தைகள் நிதியம் மொத்தமாகப் பேரம் பேசியும் ஒரு டோஸ் 65 டாலர் வரை; அன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு டோஸ் வேண்டும். கரும்பு வெட்டும் கூலியால் முடிகிற காரியமா?

"ஆராய்ச்சிக்குச் செலவாகாதா?" என்கிறார்கள் கம்பெனியின் வக்கீல்கள். அந்த டென்மார்க் கம்பெனியின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க சர்க்கார் ஜனங்களின் வரிப்பணத்தை வாரிக் கொடுத்தது. செலவு ஜனங்களுடையது, லாபம் மட்டும் முதலாளியுடையதா?

பெரியம்மையை ஒழித்தது எப்படி? 1958ல் சோவியத் யூனியன் உலக சுகாதார ஸ்தாபனத்தில் யோசனை கொண்டுவந்தது. கோடிக்கணக்கான டோஸ்களை நம் நாட்டுக்கு இனாமாக அனுப்பியது. கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாரானது. வீடு வீடாக வந்து குத்தினார்கள். 1980ல் உலகமே விடுபட்டது. உங்கள் தாத்தாவின் கையிலுள்ள தழும்பு அதன் சாட்சி. அந்த அம்மைப்பால் குரங்கு அம்மையையும் பெருமளவு தடுத்தது. குத்துவது நின்றபின் பிறந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

பொதுத்துறையின் கதி என்ன ஆயிற்று? 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் மூன்றின் உற்பத்தி லைசென்சையும் மத்திய சர்க்கார் முடக்கியது. 2010ல்தான் திருப்பிக் கொடுத்தது. தரம் போதவில்லை என்றார்கள். இழை அறுந்தால் இழையை முடிவதா, தறியை உடைப்பதா? செங்கல்பட்டில் கட்டிய தடுப்பூசி வளாகம் கொரோனா வாட்டிய 2021லும் சும்மா கிடந்தது. 2024 நவம்பரில் குரங்கு அம்மை ஊசி தயாரிக்கும் ஒப்பந்தம் யாருக்குப் போனது? புனேயிலுள்ள தனியார் கம்பெனிக்கு!

பீதி வேண்டாம். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ஊசி வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நோயாளியுடன் நெருங்கிப் பழகியவர்களுக்கும், அவரைக் கவனிக்கும் நர்சுகளுக்கும் காலத்தில் கிடைக்க வேண்டும். கேரளத்துக்கு இந்நோய் 2022 ஜூலையிலேயே வந்துவிட்டது. நம் ஊருக்கு வந்த பிறகுதான் பேரம் பேசுவதா?

இன்னொன்று. காய்ச்சலும், நெறிகட்டும், கொப்புளமும் கண்டால் வேப்பிலையோடு நிற்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலோடு தோல் உரசினால் பரவும். படுக்கை, துணி மூலமும் பரவும். பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை, இரண்டு முதல் நான்கு வாரம், ஒதுங்கியிருக்க வேண்டும்.

ஆனால் நான்கு வாரம் அடுப்பு எரிவது எப்படி? பத்துப் பேர்கூட இல்லாத தறிக்கொட்டகையில் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. வயல் கூலிக்கு லீவு ஏது? கூலி போய்விடுமே என்று பயந்து கொப்புளத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு தறிக்குப் போகிறவன் குற்றவாளியா? அவனை அந்த நிலையில் வைத்திருப்பவர்கள்தான் குற்றவாளிகள்!

நமது கோரிக்கைகள்: ஊசியைப் பொதுத்துறையில் தயார் செய்! தேவைப்படும் அனைவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடு! ஒதுங்கியிருக்கும் நாட்களுக்குக் கூலி கொடு!

தறிக்கொட்டகையிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். கையெழுத்து வாங்குங்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மேஸ்திரியின் சிரிப்பு அன்று நிற்கும்!