அம்மா மேல ஏன் பழி?

'நீ வேலைக்குப் போறே... அதான் புள்ளை பேசலை!' முத்தியால்பேட்டையோ லாஸ்பேட்டையோ, இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஆட்டிசத்துக்கு அம்மாவின் பாசக்குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள் என்பதுதான் கொடுமை! 1977-ல் பிரிட்டனில், ஒருவருக்காவது ஆட்டிசம் உள்ள 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம்; மற்ற பத்தில் ஒரு ஜோடியில்கூட அப்படி இல்லை. வளர்த்த அம்மா ரெண்டு பேருக்கும் ஒருத்திதானே? வேர் பெரும்பாலும் ஜீன்களில்!

குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஸ்டெம்செல் ஊசி என்று லட்சங்கள் கேட்டால் நம்பாதீர்கள். பேச்சு, நடத்தைப் பயிற்சிகளை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒன்றரை வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று உட்கார்ந்திராமல், கோரிமேடு ஜிப்மருக்கு ஒரு நடை போய்க் காட்டுங்கள்... மாமியாரையும் கூட்டிக்கொண்டு!